நஞ்சும் உணவும் ஒரு கூரையின் கீழ்: வீடு, கடை, பண்டகசாலைகளில் பூச்சி ஒழிப்பு

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் வேலந்தாவளம். கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் சாலைகளுள் ஒன்று இவ்வூர் வழியே செல்கின்றது. பாலக்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியைக் காட்டிலும் இங்கு மழை குறைவு. கரிசல் மண் பரவிய இவ்வட்டாரத்தில் காய்கறிகளும் நிலக்கடலையும் தென்னையும் விளைகின்றன. மக்கள் தமிழும் மலையாளமும் பேசுகின்றனர். சுற்றுவட்டாரத்து உழவர்கள் விளைபொருள்களைக் கொணர்ந்து விற்கும் காய்கறிச் சந்தையும் இங்கு உண்டு.

இரு மாநிலங்களின் சரக்கு வந்து கூடும் இத்தகைய எல்லை ஊர்களில், சரக்கோடு சேர்ந்து வேறு சில உயிர்களும் பயணம் செய்கின்றன. அரிசி மூட்டையின் மடிப்பில் வண்டும், காய்கறிக் கூடையின் அடியில் கரப்பானும், வைக்கோற் பாரத்தினுள் எலியும் ஒளிந்து வந்து, இறங்கும் இடத்தில் குடியேறிவிடுகின்றன. மளிகைக் கடை, பண்டகசாலை, உணவு விடுதி, வீடு ஆகிய யாவும் இவற்றுக்கு உறைவிடமாகும். இவற்றை ஒழிக்கப் பயன்படும் மருந்துகள் பெரும்பாலும் நஞ்சுகள். வயலில் தெளிக்கும் நஞ்சு திறந்த வெளியில் காற்றோடும் வெயிலோடும் கலந்து போக இடமுண்டு. வீட்டிலும் கடையிலும் இடப்படும் நஞ்சோ, மனிதர் உண்ணும் பொருளுக்கும் உறங்கும் பாய்க்கும் அருகிலேயே தங்கிவிடுகின்றது.

ஆகவே வீடுகளிலும் வணிக இடங்களிலும் பூச்சிகளை ஒழிப்பவரின் முதற்கடமை, நஞ்சு உணவோடும் மனிதரோடும் சேராமற் காப்பதாகும். பூச்சியைக் கொல்வது அதற்கு அடுத்ததே. இவ்வுண்மையை நம் நாடு கேரளத்தில் நேர்ந்த ஒரு பெருந்துயரின் வழியாகவே கற்றுக்கொண்டது. இத்தொழிலை இன்று நெறிப்படுத்தும் சட்டத்தின் வரலாறு அத்துயரிலிருந்தே தொடங்குகின்றது.

1958ஆம் ஆண்டின் துயரம்

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் செருமனி நாட்டு வேதியியலறிஞர் கெர்ஹார்டு ஷ்ராடர், பாஸ்வரம் கலந்த கரிமப் பொருள்கள் பலவற்றை ஆராய்ந்து வந்தார். அவ்வாராய்ச்சியில் பிறந்த பூச்சிகொல்லிகளுள் ஒன்று பாரத்தியான். நம் நாட்டில் இது பாலிடால் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்பட்டது. பயிர்ப் பூச்சிகளை இம்மருந்து விரைவிற் கொன்றது. ஆயினும் அதன் நச்சுத்தன்மை பூச்சிக்கும் மனிதருக்கும் வேறுபாடு காட்டுவதன்று.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் பொருள் அசெட்டைல்கோலின் எனப்படும். அதன் பணி முடிந்தவுடன் அதனைச் சிதைத்து நீக்குவதற்கென உடலில் ஒரு நொதி இயங்குகின்றது. பாரத்தியான் போன்ற நஞ்சுகள் அந்நொதியை முடக்கிவிடுகின்றன. அதனால் நரம்புச் செய்தி நிற்காமல் தொடர்கின்றது. கண்மணி சுருங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், வாந்தியும் வலிப்பும் தோன்றும், இறுதியில் மூச்சு நின்றுவிடும். வாய் வழியே மட்டுமன்றித் தோல் வழியாகவும் இந்நஞ்சு உடலுட் புகும்.

1958ஆம் ஆண்டில், கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவு மூட்டைகளோடு பாரத்தியான் கலங்களும் ஏற்றப்பட்டிருந்தன. கலங்களிலிருந்து கசிந்த நஞ்சு மாவு மூட்டைகளில் ஊறியது. அதனை அறியாமல் மாவு விற்பனைக்குச் சென்றது. அதனால் செய்த உணவை உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூச்சிகொல்லியால் நம் நாட்டில் நேர்ந்த முதற் பெருவிபத்தென மருத்துவ ஏடுகள் இதனையே குறிக்கின்றன.

இங்குக் கருத வேண்டுவது ஒன்று உண்டு. அம்மாவில் எவரும் நஞ்சைக் கலக்கவில்லை. எவரும் மருந்தை அளவு மீறித் தெளிக்கவும் இல்லை. உண்ணும் பொருளும் கொல்லும் பொருளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. அவ்வளவே நிகழ்ந்தது. 1967ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், சிக்கின்கிரா என்னும் நகரிலும் இதே பாரத்தியான் மாவிற் கலந்து, அம்மாவினாற் செய்த ரொட்டியை உண்ட பலர் இறந்தனர். அங்கும் மாவு மூட்டைகள் நஞ்சோடு சேர்ந்து பயணம் செய்ததே காரணம். சிறு அளவில், அரிசி மூட்டைக்கு அருகிலேயே பூச்சி மருந்துப் புட்டியையும் வைத்திருக்கும் எந்தக் கடைக்கும் இந்நிகழ்ச்சிகள் பொருந்தும்.

சட்டம் பிறந்த வரலாறு

கேரள விபத்தை ஆராய மத்திய அரசு நீதிபதி ஜே. சி. ஷா அவர்களின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. பூச்சிகொல்லிகளின் உற்பத்தி, விற்பனை, சேமிப்பு, போக்குவரத்து ஆகியவற்றை நாடு முழுவதற்கும் பொதுவான சட்டத்தின் கீழ்க் கொணர வேண்டும் என்ற கருத்து இதன் பின்னர் வலுப்பெற்றது. 1964ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். எஸ். தாக்கர் தலைமையில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழுவும் இப்பொருளை ஆராய்ந்தது. இவற்றின் பயனாக 1968ஆம் ஆண்டில் பூச்சிகொல்லிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் விதிகள் 1971ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன.

விதிகளைப் படிப்போர், 1958ஆம் ஆண்டின் நினைவு அவற்றுள் பதிந்திருப்பதைக் காணலாம். உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரே தொடர்புறும் வகையில் பூச்சிகொல்லியை ஏற்றிச் செல்லுதலோ சேமித்தலோ கூடாது என்கின்றது ஒரு விதி. பிற பொருள்கள், சிறப்பாக உணவுப் பொருள்கள் வைக்கும் அறைகளினின்று விலகிய தனி அறையிலோ, பூட்டப்பட்ட தனி அலமாரியிலோ பூச்சிகொல்லியை வைத்தல் வேண்டும் என்கின்றது மற்றொன்று. காலியான கலங்களை வெளியில் எறியாமல், உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைத்தல் வேண்டும் என்கின்றது வேறொன்று. வீட்டுக்கும் கடைக்கும் பண்டகசாலைக்கும் இவற்றினும் எளிய அறிவுரை கூறுதல் அரிது.

மருந்துக் கலத்தின் மேல் அச்சிடப்படும் வண்ண முக்கோணமும் இவ்விதிகளால் வந்ததே. சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். அதனுடன் மண்டையோட்டுக் குறியும் இருக்கும். மஞ்சள் கடுமையான நஞ்சு. நீலம் நடுத்தரமானது. பச்சை ஒப்பளவில் நச்சுக் குறைந்தது. ஆயினும் நஞ்சற்றது என்று கொள்ளலாகாது. கலத்தினுள் வைக்கப்படும் விளக்கத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அவ்வட்டாரத்து வட்டார மொழிகள் ஒன்றிரண்டிலும் இருத்தல் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கும் முக்கோணத்தின் வண்ணம் புரியும். அதனை ஊராருக்கு ஒருமுறை விளக்கிக் கூறுதல் களப் பணியாளரும் ஆசிரியரும் எளிதிற் செய்யக்கூடிய பணியாகும்.

பாரத்தியான் இன்று நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. அதன் இனத்ததாகிய மெத்தில் பாரத்தியான் 2018ஆம் ஆண்டிலும், வீடுகளில் கரப்பானுக்கும் ஈக்கும் ஒரு காலத்தில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட டைகுளோர்வாஸ் 2020ஆம் ஆண்டின் இறுதியிலும் விலக்கப்பட்டன. பழைய இருப்பு எஞ்சியிருப்பினும் அதனை எடுத்துப் பயன்படுத்துதல் முறையன்று.

உரிமம் பெற்றவர் யார்?

வணிக முறையில் பூச்சி ஒழிப்புப் பணி செய்வோர் உரிமம் பெறுதல் வேண்டும் என விதிகள் கூறுகின்றன. வேளாண்மைப் பட்டமோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியற் பட்டமோ இதற்கு உரிய கல்வித் தகுதியாக வைக்கப்பட்டது. அதனுடன் அரசு நிறுவனமொன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் வேண்டும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், உத்தரப் பிரதேசத்து ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிலையம், ஐதராபாத்திலுள்ள பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிலையம் ஆகியவை இதற்கென விதிகளிற் குறிக்கப்பட்டவை. ஹாப்பூர் நிலையம் தொடங்கப்பட்டதும் அதே 1958ஆம் ஆண்டிலேயாம். பண்டகசாலைத் தொழிலில் ஈடுபட்டுள்ள மத்திய பண்டகசாலைக் கழகமும் பூச்சி ஒழிப்புப் பணியைப் பிறருக்குச் செய்து தருகின்றது. உழவருக்கு இதனைக் கற்பித்தும் வருகின்றது.

நச்சுப் புகை மருந்துகளுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை அரசுத் துறைகளும், அரசு நிறுவனங்களும், உரிய அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளரும் மட்டுமே, வல்லுநர் மேற்பார்வையில் கையாளலாம். பத்தும் இருபதும் வில்லைகள் அடங்கிய சிறு குழாய்களை விற்பது 2001ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. ஆகவே மளிகைக் கடையிலோ சந்தையிலோ இவ்வில்லையை எவரேனும் சில்லறையாக விற்பின், அது சட்டத்துக்கு மாறானது என்று அறிக.

எல்லைப்புற மக்கள் கருத வேண்டுவது மேலும் ஒன்று உண்டு. உரிமம் வழங்கும் அலுவலரை நியமிப்பது அந்தந்த மாநில அரசு. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வேலந்தாவளத்துக்கு வந்து பணி செய்ய முன்வரின், அவர் காட்டும் உரிமம் எவ்விடத்துக்கு உரியது, எந்நாள் வரை செல்லும் என்பவற்றைக் கேட்டறிதல் நன்று. உரிமம் உடையவர் அதனைக் காட்டத் தயங்கார்.

பண்டகசாலையின் பகைவர்

தானியப் பூச்சிகளுள் முதன்மையானது அரிசி வண்டு. நீண்ட மூக்கையுடைய இச்சிறு வண்டு, தானியமணியில் மூக்கினால் துளையிட்டு, அதனுள் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் துளையை மூடிவிடுகின்றது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300 முதல் 400 முட்டைகள் வரை இடவல்லது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மணியின் உட்பகுதியைத் தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு திங்களில் வண்டாகி வெளிவருகின்றது. அதுவரை மணியின் புறத்தே அடையாளம் ஏதும் புலப்படாது. கடைக்காரர் வண்டைக் காணும்போது, காணப்படாத புழுக்கள் அதைக் காட்டிலும் பன்மடங்கு மணிகளுள் இருக்கின்றன எனக் கொள்ளவேண்டும்.

மூட்டையின் மேல் மருந்து தெளிப்பது ஏன் பயன் தருவதில்லை என்பது இதனால் விளங்கும். தெளிப்பு மருந்து மேற்பரப்பில் ஊரும் வண்டைக் கொல்லும். மணிக்குள் இருக்கும் புழுவை எட்டாது. உண்ணும் தானியத்தில் நஞ்சு படிவதே எஞ்சும். மணியினுள்ளும் ஊடுருவிச் செல்ல வல்லது வாயு ஒன்றே. அதற்காகவே நச்சுப் புகையூட்டல் முறை கையாளப்படுகின்றது.

அலுமினியம் பாஸ்பைடு வில்லை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிடும். 3 கிராம் எடையுள்ள வில்லை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் தரும். பூச்சியின் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் செயலை இவ்வாயு தடுத்துவிடுகின்றது. பயிற்சி பெற்றவர், மூட்டை அடுக்கினை வாயு புகாத விரிப்பால் மூடி, விளிம்புகளை மண்ணாலோ மணற்பைகளாலோ அடைத்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை அவ்வாறே விட்டு, பின்னர் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் தந்து, வாயு நீங்கியதை உறுதி செய்த பின்னரே பிறரை உள்ளே விடுவார். விரிப்பில் ஓட்டை இருப்பின் இருவகைக் கேடு விளையும். வாயு அருகிலுள்ளோரைத் தாக்கும். குறைந்த அளவே வாயு பெற்ற பூச்சிகள் பிழைத்து, நாளடைவில் அம்மருந்தையே தாங்கும் திறன் பெற்ற சந்ததியை உண்டாக்கும்.

பாஸ்பீனுக்கு மாற்று மருந்து இல்லை. அது காற்றினும் சற்றே கனமான வாயு. சுவரின் விரிசல், கதவின் இடுக்கு ஆகியவற்றின் வழியே அடுத்த அறைக்குச் செல்ல வல்லது. முன்புறம் கடையும் பின்புறம் வீடுமாக ஒரே சுவரைப் பகிர்ந்துள்ள கட்டடங்கள் நம் கடைவீதிகளிற் பல. அத்தகைய கட்டடத்தில், ஆட்கள் குடியிருக்கும்போது இவ்வில்லையைப் பயன்படுத்துதல் ஒருகாலும் கூடாது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்தது இதற்கு வருந்தத்தக்க சான்று. பூச்சி ஒழிப்புப் பணியாளர் வீட்டில் வைத்துச் சென்ற எலி மருந்தின் நெடி அறையில் தேங்க, இரவில் அங்கு உறங்கிய குடும்பத்தாருள் இரு சிறு குழந்தைகள் உயிரிழந்தனர் என்று செய்தி வெளியாயிற்று. பணம் கொடுத்து அழைக்கப்பட்ட ஒருவர் வந்து செய்தார் என்பதனால் மட்டும் ஒரு பணி பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதை இது காட்டுகின்றது. இட்ட மருந்து யாது, அது வாயுவை வெளியிடுமா, அறையில் எப்போது நுழையலாம் என்பவற்றை வீட்டார் கேட்பதும், பணியாளர் கூறுவதும் இன்றியமையாதவை.

நஞ்சின்றிச் செய்யும் காப்பு

வண்டு புகுந்தபின் கொல்வதைவிட, புகாமற் காப்பதே சிக்கனமானது. தானியத்தை வெயிலில் நன்கு உலர்த்தி, ஈரப்பதத்தை 12 சதவிகிதத்துக்குக் கீழ்க் கொணரின் வண்டின் பெருக்கம் தளரும். 9 சதவிகிதத்துக்கும் கீழே செல்லின் அரிசி வண்டு பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யாது. மூட்டைகளைத் தரையில் நேரே வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து இரண்டடி விலக்கி அடுக்குதல் வேண்டும். அவ்வாறு அடுக்கினால் தரையின் ஈரம் ஏறாது. சுற்றிவந்து பார்க்கவும் பெருக்கவும் வழியிருக்கும். பழைய சாக்குகளைப் புதிய சரக்குக்குப் பயன்படுத்துமுன் கொதிநீரில் நனைத்து உலர்த்துதல் நலம். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுத் தீர்ப்பதும் ஒரு காப்பே.

பாலக்காட்டு வீடுகளின் மரப் பத்தாயமும் தமிழ்நாட்டின் மண் குதிரும் நம் முன்னோர் கண்ட சேமிப்பு முறைகள். நொச்சி, வேம்பு ஆகியவற்றின் இலைகளை உலர்த்தித் தானியத்தோடு இடுதலும், துவரைக்குச் செம்மண் பூசி உலர்த்தி வைத்தலும் இன்றும் சில இடங்களில் வழக்கில் உள்ளன. பயறுகளின் மேல் சிறிதளவு சமையல் எண்ணெய் தடவினால் பயறு வண்டின் முட்டைகள் பொரிவது பெரிதும் குறைகின்றது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இவ்வகையில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் அறிஞர் டாக்டர் எஸ். மோகன் உருவாக்கிய பொறி குறிப்பிடத்தக்கது. தானியத்தினுள் இருக்கும் வண்டு ஓரிடத்தில் நில்லாது, காற்றுள்ள இடத்தை நாடி ஓயாது திரியும் இயல்புடையது. இவ்வியல்பையே இப்பொறி பயன்படுத்துகின்றது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் நிறைந்த குழாயைத் தானியத்தினுள் செருகிவைத்தால், திரியும் வண்டு துளை வழியே குழாயினுள் புகுந்து, அடியிலுள்ள கூம்பில் விழுந்து சிக்கிக்கொள்ளும். கூம்பைக் கழற்றி வண்டுகளை அகற்றலாம். வண்டு கண்ணில் படுமுன்னரே அதன் வரவை அறிவிப்பது இப்பொறியின் சிறந்த பயன். இதில் நஞ்சு ஏதும் இல்லை. ஆகவே வீட்டரிசிப் பாத்திரத்திலும் அச்சமின்றி வைக்கலாம்.

எலி

எலியின் வெட்டுப் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. அதனால் அது ஓயாது கொறிக்கின்றது. தின்பதைவிட மயிராலும் புழுக்கையாலும் சிறுநீராலும் அது கெடுப்பது மிகுதி. ஏறத்தாழ மூன்று வாரங்களில் குட்டிகளை ஈனும். எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் எலிக்காய்ச்சல் பரவுகின்றது. கேரளத்தில் இந்நோய் எலிப்பனி எனப்படும். கோயம்புத்தூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் பன்முறை பரவிய பிளேக் நோயின் நினைவு, பிளேக் மாரியம்மன் என்ற பெயரால் அந்நகரக் கோயில்களில் இன்றும் நிற்கின்றது. அந்நோய் எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுவது என்பதனை 1898ஆம் ஆண்டில் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சைமன் கண்டறிந்தார்.

எலி ஒழிப்பைத் தொழிலாகக் கொண்டோர் நம் நாட்டிற் பழமையானவர்களே. தஞ்சை வட்டாரத்தில் மூங்கில் வில்லினால் அமைந்த கிட்டிப் பொறியை வயலில் வைத்து எலி பிடிப்போரும், வளையில் புகையூட்டி எலி பிடிக்கும் இருளர் மக்களும் இத்தொழிலில் கைதேர்ந்தவர். வளையின் வாய்களை அறிவதும், எலியின் தடம் காண்பதும் அவர்களது அனுபவ அறிவு. பட்டம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரும் முதலிற் செய்ய வேண்டுவது இதே பணிதான். சுவரோரத்து மயிரழுக்குக் கறை, புதிய புழுக்கை, கொறித்த குறி ஆகியவற்றைக் கொண்டு எலியின் வழியை அறிதல் வேண்டும்.

வழி அறிந்தபின் அடைத்தல். அரையங்குல இடுக்கு எலிக்கும், காலங்குல இடுக்கு சுண்டெலிக்கும் போதும். கதவின் அடியில் இரும்புத் தகடு அடித்தும், சாக்கடைக் குழாயின் வாயில் கம்பிவலை பொருத்தியும், சுவர்த் துளையைச் சிமெண்டும் கண்ணாடித் துண்டும் கலந்து பூசியும் அடைக்கலாம். எஞ்சிய எலிகளைப் பொறியால் பிடிக்கலாம். இவை போதாதபோதே நஞ்சை நாடுதல் வேண்டும்.

துத்தநாகப் பாஸ்பைடு எலியின் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீனை வெளியிட்டுக் கொல்லும். சிறிதளவே தின்று பிழைத்த எலி பின்னர் அந்த இரையைத் தொடாது. அதனால் முதற் சில நாள் நஞ்சில்லா இரையை வைத்துப் பழக்குவர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மற்றொரு வகை நஞ்சு, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினரின் ஆராய்ச்சியிற் பிறந்தது. இதனைத் தின்ற எலி சில நாள் கழித்தே இறப்பதால் பிற எலிகள் ஐயுறுவதில்லை. இவ்வகை நஞ்சுக்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக உள்ளது. எந்த வகையாயினும், இரையைக் குழந்தைகளும் கோழி, நாய், பூனைகளும் எட்டாத மூடிய பெட்டியில் வைத்து, வைத்த இடங்களைக் குறித்து, மிஞ்சியதையும் இறந்த எலிகளையும் எடுத்துப் புதைத்தல் பணியின் ஒரு பகுதியேயாகும். வைத்துவிட்டுச் செல்லுதல் அரைப் பணி.

கறையானும் கரப்பானும்

கறையான் மண்ணின் கீழ்க் கூட்டமைத்து, ஈரம் காக்கும் மண்சுரங்கத்தின் வழியே சுவரேறி மரத்தைத் தின்னும். கட்டடங்களில் கறையானைத் தடுக்கும் முறைகளை 6313 என்ற எண்ணுடைய இந்தியத் தரநிலை வகுத்துள்ளது. அடித்தளம் இடும்போதே மண்ணில் மருந்தூட்டுதலும், கட்டி முடிந்த வீட்டில் சுவரடியில் துளையிட்டு மருந்து செலுத்துதலும் அதிற் கூறப்பட்டுள்ளன. முற்காலத்தில் இதற்குப் பயன்பட்ட ஆல்டிரின், ஹெப்டாகுளோர் முதலியன மண்ணில் நெடுங்காலம் அழியாது தங்குவதால் தடை செய்யப்பட்டன. இன்றைய மருந்துகளும் நீரிற் கலத்தல் ஆகாது. வீட்டுக்கு அருகே கிணறுள்ள இடங்களில், மருந்து செலுத்துமுன் கிணற்றின் தொலைவையும் மண்ணின் தன்மையையும் ஒழிப்பாளர் பார்த்தல் இன்றியமையாதது.

கரப்பானுக்கு அறையெங்கும் மருந்து தெளிக்கும் வழக்கம் இன்று குறைந்து வருகின்றது. பசை வடிவான நச்சிரையை இடுக்குகளில் சிறு புள்ளிகளாக வைப்பது புதிய முறை. அதனைத் தின்ற கரப்பான் மறைவிடம் சென்று இறக்க, அதன் உடலையும் கழிவையும் தின்னும் பிற கரப்பான்களும் இறக்கின்றன. மிகச் சிறு அளவு நஞ்சே போதும், பாத்திரங்களில் படியாது. இப்பசை வைத்த இடத்தில் மீண்டும் தெளிப்பு மருந்து அடித்தால் கரப்பான் பசையை அணுகாது. எனவே இரண்டையும் சேர்த்துச் செய்தல் வீண்.

பள்ளியிலும் களத்திலும்

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிகொல்லி உணவிற் கலந்திருந்தமை ஆய்வில் தெரிந்தது. கேரள விபத்து நிகழ்ந்து 55 ஆண்டுகள் சென்றபின்னும், பாரத்தியானின் இனத்ததாகிய மற்றொரு நஞ்சு, உணவின் வழியே குழந்தைகளை அடைந்தது. சட்டம் எழுதப்பட்டிருந்தும், சமையலறை வரை அது சென்று சேரவில்லை என்பதையே இது உணர்த்துகின்றது.

அதனைக் கொண்டு சேர்க்க வல்லோர் ஆசிரியரும் களப் பணியாளருமே. பள்ளிச் சமையலறையிலும் பொருளறையிலும் பூச்சிகொல்லிக்கு இடமில்லை என்பதை விதியாகக் கொள்ளலாம். மருந்திருந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கோ நீருக்கோ பயன்படுத்தலாகாது. மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் உயிருக்கு உலை வைப்பது. மாணவர், கடையிற் காணும் கலங்களின் முக்கோண வண்ணத்தைக் குறித்துவந்து வகுப்பிற் கூறலாம், கலத்தைத் தொடலாகாது. தமிழும் மலையாளமும் வழங்கும் வேலந்தாவளம் போன்ற ஊர்களில், விளக்கத்தாளை இரு மொழியிலும் படித்துக் காட்டுதல் மிகப் பயன்படும்.

பூச்சி ஒழிப்பாளரை அழைக்குமுன் வீட்டாரும் கடைக்காரரும் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. உரிமம் உண்டா? ஒழிக்க வேண்டிய உயிர் எது, அது எவ்வழியே வருகின்றது? நஞ்சின்றித் தீர்க்க வழி உண்டா? இடப்போகும் மருந்தின் பெயரும் முக்கோண வண்ணமும் யாவை? உணவையும் குழந்தைகளையும் எவ்வளவு நேரம் விலக்கி வைக்க வேண்டும்? மிஞ்சிய மருந்தையும் காலிக் கலத்தையும் எடுத்துச் செல்வாரா? மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிவைத்தல் மிக நன்று.

தவறி நஞ்சு தாக்கின், தாக்குண்டவரை முதலில் நல்ல காற்றுக்குக் கொணர்க. மருந்து பட்ட ஆடையைக் களைந்து தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. மருத்துவர் கூறாமல் வாந்தி எடுக்கச் செய்தல் வேண்டா. மருந்துக் கலத்தையோ அதன் பெயர் எழுதிய தாளையோ உடன் கொண்டு மருத்துவமனைக்கு விரைக. பாரத்தியான் இனத்து நஞ்சுக்கு அட்ரோப்பினும், இரத்த உறைவைத் தடுக்கும் நஞ்சுக்கு வைட்டமின் கேயும் என மருத்துவம் வேறுபடுவதால், நஞ்சின் பெயர் தெரிவது உயிர் காக்கும் உதவியாகும்.

வண்டும் எலியும் மனிதர் தானியம் சேமிக்கத் தொடங்கிய நாள் முதல் உடன் வாழ்பவை. அவற்றை அடியோடு இல்லாமற் செய்தல் இயலாது. அளவுக்குள் வைத்தலே இயலும். அதற்கென ஏந்தும் நஞ்சு அவ்வளவுக்குள் நில்லாது உணவினுட் புகுந்தால் விளைவது யாது என்பதைக் கேரளம் 1958ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டது. அரிசி மூட்டை இருக்கும் அறையில் மருந்துப் புட்டி இருத்தலாகாது என்னும் ஒரு வழக்கத்தை ஒவ்வொரு வீடும் கடையும் பள்ளியும் கைக்கொள்ளுமாயின், அச்சட்டத்தின் பெரும்பயன் நிறைவேறியதாகும்.